ஒரே முட்டி: மல்லாக்கப் படுத்தால் 130, குப்புறப் படுத்தால் 100. எதை எழுத?

பேட்டை பிபிடி, இரண்டாம் ஆண்டு

எல்லாருக்கும் வணக்கம். அண்ணாச்சிமார், அக்காமார் யாராவது கொஞ்சம் விளக்குங்க.

பிசியோதெரபி படிப்புல கோனியோமீட்டர் (மூட்டின் கோணம் அளக்கும் கருவி) வைத்து முழங்கால் மடங்கும் அளவு எடுத்துப் பழகிட்டு இருக்கோம். பீடி சுற்றும் ஒரு அம்மா. முட்டியில் வீக்கம் இல்லை, அடிபட்டதும் இல்லை. மல்லாக்கப் படுத்து அவங்களே மடக்கும்போது 130 டிகிரி. குப்புறப் படுத்து மடக்கச் சொன்னால் 100-லேயே நின்னுடுது, தொடையின் பின்பக்கம் சுருட்டிப் பிடிக்குதுன்னு சொல்றாங்க. அதே நிலையில் நான் பிடித்து மடக்கினால் 115 வரை போகுது. அதுக்கு மேல அழுத்தினால் புட்டம் மெத்தையை விட்டு எழும்புது.

ஒரே கால், ஒரே நேரம், மூணு அளவு. எது சரி? முட்டி இறுகியிருக்கா? கேஸ் ஷீட்டில் எதை எழுத?

கல்லிடை பிசியோ

தங்கச்சி, மூன்று எண்ணும் சரி. அந்த 130-ஐப் பார்த்ததுமே முட்டி மூட்டு நன்றாக மடங்குகிறது என்று தெரிந்துபோயிற்று. மூட்டும் உறையும் இறுகியிருந்தால் எப்படிப் படுக்க வைத்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். படுக்கும் நிலை மாறியதும் அளவும் மாறுகிறது என்றால், முட்டியோடு நிற்காமல் இடுப்பு வரை போகிற தசையைச் சந்தேகப்படு.

தொடையின் முன்பக்கத் தசையான குவாட்ரிசெப்ஸுக்கு நாலு தலை. வாஸ்டஸ் மூன்றும் தொடையெலும்பிலேயே தொடங்குகின்றன. ரெக்டஸ் ஃபெமொரிஸ் மட்டும் இடுப்பு மூட்டுக்கு மேலே, இடுப்பெலும்பின் முன்புறக் கீழ்முள்ளில் தொடங்கி, முட்டிச்சில்லு வழியாக, முட்டிக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியாவில் போய்ச் சேருகிறது. மல்லாக்கப் படுத்து குதிகாலைப் புட்டத்துப் பக்கம் இழுக்கும்போது இடுப்பும் கூடவே மடங்கும். மேல்முனை தளர்வதால் கீழ்முனை நீள இடம் கிடைக்கிறது. குப்புறப் படுத்தால் இடுப்பு 0 டிகிரியில் நிற்கிறது. இரண்டு முனையிலும் இழுவை. நாலு முழ வேட்டியை ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் பத்தாமல் போகிற கதைதான். 115-ல் அந்தத் தசையின் நீளம் தீர்ந்தது. நீ மேலும் அழுத்தினாய். அது இடுப்பெலும்பை முன்னோக்கிச் சாய்த்து, இடுப்பை மடக்கி, வேண்டிய நீளத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. புட்டம் எழும்பியது அதனால். பாடத்தில் இதன் பேர் பாசிவ் இன்சஃபிஷியன்சி. ஈலி டெஸ்ட் என்று தனியாகப் படிப்பதும் இதையேதான்.

115-க்கும் 100-க்கும் இடையில் உள்ள 15 டிகிரி, தொடையின் பின்பக்கத் தசைகளான ஹாம்ஸ்ட்ரிங் கணக்கு. அதில் பைசெப்ஸ் ஃபெமொரிஸின் குட்டைத்தலை தவிர மற்ற எல்லாம் புட்ட எலும்பில் தொடங்கி முட்டியைத் தாண்டிப் போகின்றன. குப்புறப் படுத்தவருக்கு இடுப்பு நீண்டிருப்பதால் மேல்முனை ஏற்கெனவே குறுகிக் கிடக்கிறது. முட்டியையும் மடக்கினால் கீழ்முனையும் குறுகுகிறது. அவ்வளவு குறுகிய தசையால் வலுவாக இழுக்க முடியாது. எதிர்ப்பக்கம் ரெக்டஸின் இழுவை வேறு. முக்கி மடக்கினால் சுருட்டிப் பிடிக்கும். அந்த அம்மா சொன்னது அச்சு அசலாக இதுதான். இது ஆக்டிவ் இன்சஃபிஷியன்சி.

குறுகிய தசை ஏன் வலுவிழக்கிறது என்பதை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் கேட்பார்கள். தசைக்குள் ஆக்டின் என்ற மெல்லிய இழைகள் மயோசின் என்ற தடித்த இழைகளுக்கு இடையே வழுக்கிப் போகின்றன என்ற விளக்கம் 1954-ல் வந்தது. 1966-ல் கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் தவளைத் தசையின் ஒற்றை இழையை வைத்து அளந்து காட்டினார்கள்: சார்கோமியர் (தசை இழையின் சுருங்கும் அலகு) நீளம் 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் வரை இருக்கும்போது விசை உச்சம், 3.65-ல் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, விசை பூஜ்யம். 2.0-க்குக் கீழே குறுகினாலும் விசை இறங்கும். எதிரெதிர் ஆக்டின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடைஞ்சல் செய்யும். மனிதத் தசையில் உச்சம் இன்னும் கொஞ்சம் நீளத்தில், சுமார் 2.6 முதல் 2.8 வரை வரும். எண்களை மனப்பாடம் செய்வதோடு விடாமல், வரைபடத்தைக் கையால் ஒருமுறை போட்டுப் பார். இரு மூட்டுத் தசை அந்த வளைவின் இரண்டு ஓரங்களுக்கும் எளிதாகப் போய்விடும், ஒரு மூட்டுத் தசை பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும் என்பது தானாகப் புலப்படும்.

தாமிரபரணிக் கரை

கல்லிடைக்காரர் காரணத்தைச் சொல்லிவிட்டார். அளக்கும் முறையைப் பற்றி நான் சொல்கிறேன். மாணவர்களுக்கு அளவு பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்.

கோனியோமீட்டரின் அச்சு தொடையெலும்பின் வெளிப்புற எபிகாண்டைல் (முட்டிப் பக்கத்து எலும்புப் புடைப்பு) மேல். அசையாத கை கிரேட்டர் ட்ரோகேன்டரை (தொடையெலும்பின் மேல்முனை வெளிப்புடைப்பை) நோக்கி. அசையும் கை வெளிக் கணுக்கால் முட்டை எலும்பை நோக்கி. ட்ரோகேன்டரைத் துணி மேலேயே தடவித் தேடி உத்தேசமாக வைக்காதே. கையை வைத்துக்கொண்டு காலை உள்ளும் புறமும் உருட்டினால் விரலுக்கடியில் உருளும். அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வை. நம்மூரில் பெண் நோயாளிகள் சேலையோடு வருவார்கள். தொடை தெரிய அளக்கக் கூச்சப்படுவார்கள். முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, ஒரு பெட்ஷீட்டால் மூடி, வெளிப்பக்கம் மட்டும் விலக்கினால் போதும். மடிப்புத் துணி மேல் கோனியோமீட்டரை வைத்தால் 5 முதல் 10 டிகிரி சுலபமாகத் தப்பும்.

மடக்கும் முன் 0 நிலையை முதலில் அளந்து எழுது. குதிகாலுக்கு அடியில் ஒரு டவல் சுருள் வைத்தால்தான் முட்டி முழுசாக நீள்கிறதா என்பது தெரியும். "130" என்று மட்டும் எழுதினால் 0-லிருந்தா, 10-லிருந்தா என்று அடுத்தவருக்கு விளங்காது.

குப்புற நிலையில் முட்டிச்சில்லு அழுந்தி வலிக்கிறது என்று தொடைக்கடியில் டவல் கொடுப்பார்கள். அதில் ஒரு சிக்கல்: தொடை உயர்ந்தால் இடுப்பு இன்னும் நீளும், ரெக்டஸ் இன்னும் இறுகும், அளவு குறையும். டவல் வைத்தால் அதையும் எழுது. அடுத்த வாரம் அளக்கும்போதும் அதே தடிமனில் வை.

புட்டம் எழும்புவதைத் தடுக்க ஒரு கை சேக்ரம் (முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பு) மேல் இருக்கணும். எழும்பத் தொடங்கும் அந்த நொடியின் அளவுதான் உன் அளவு, அழுத்தி வாங்கியது கணக்கில் சேராது. கடைசியில் கைக்கு என்ன தட்டுப்படுகிறது என்பதையும் சேர்த்து எழுது: மல்லாக்க நிலையில் கெண்டைச்சதை தொடைச்சதையில் மோதி மெத்தென்று நிற்கும், குப்புற நிலையில் ரப்பரை இழுத்தாற்போல நிற்கும், இழுவையைத் தொடை முன்பக்கத்தில் உணர்வார்கள்.

உன் கேஸ் ஷீட்டில் இப்படி வரட்டும்: "வலது முழங்கால் மடக்கம், மல்லாக்க, இடுப்பு மடங்கிய நிலை, தானே: 0–130. குப்புற, இடுப்பு 0, தானே: 0–100, ஹாம்ஸ்ட்ரிங் பிடிப்பு. குப்புற, பிறர் மடக்க: 0–115, புட்டம் எழும்பியது, முடிவு தசை இழுவை." இடுப்பு எங்கே இருந்தது என்று எழுதாத முழங்கால் அளவு அரை அளவுதான். ஒரே கை அளந்தாலும் 5 டிகிரி வித்தியாசம் சகஜம்; அதற்குள் வரும் மாற்றத்தை முன்னேற்றம் என்று எழுதிவிடாதே.

பேட்டை பிபிடி, இரண்டாம் ஆண்டு

ரொம்ப நன்றி அக்கா, அண்ணாச்சி. இப்போதான் தெளிவாச்சு. இன்னும் இரண்டு சந்தேகம்.

ஒண்ணு: அந்த அம்மாவால குத்தவச்சு உட்கார்ந்தா குதிகாலைத் தரையில ஊன முடியலை. சுவத்துல கை ஊன்றி, முட்டியை நீட்டி கெண்டைக்கால் ஸ்ட்ரெச் கொடுத்தோம், மாற்றமே இல்லை. இரண்டு: காலை நீட்டி, சுளகை மடியில வச்சுத்தான் நாள் முழுக்க வேலை. கீழ் முதுகு வலின்னும் சொல்றாங்க. இதுக்கும் இரு மூட்டுத் தசைக்கும் தொடர்பு உண்டா?

முக்கூடல் பிசியோ

இந்தக் கேள்வியை நம்ம பக்கத்துல எல்லா மாணவர்களும் கேட்கணும். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம்னு எங்க போஸ்டிங் போட்டாலும் பீடி சுற்றுறவங்க வரத்தான் செய்வாங்க.

முதல்ல கணுக்கால். கெண்டைக்கால் தசைகள்ல காஸ்ட்ராக்னீமியஸ் (சுருக்கமா காஸ்ட்ராக்) தொடையெலும்பின் கீழ்முனையில உள்ள இரண்டு காண்டைலிலிருந்தும் கிளம்புது, முட்டியைத் தாண்டுது. சோலியஸ் முட்டிக்குக் கீழேயே கிளம்புது. இரண்டும் குதிகால் நாணில் சேருது. குத்தவைக்கும்போது முட்டி முழுசா மடங்கிடுது. அப்போ காஸ்ட்ராக் தொளதொளன்னு கிடக்கும். அது குதிகாலைத் தூக்கவே முடியாது. தூக்குறது சோலியஸ், இல்லேன்னா கணுக்கால் மூட்டே. நீங்க முட்டியை நீட்டி ஸ்ட்ரெச் கொடுத்தது காஸ்ட்ராக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. குற்றவாளி ஒருத்தன், தண்டனை இன்னொருத்தனுக்கு.

கண்டுபிடிக்கிற வழி: உட்கார வச்சு முட்டி 90 மடங்கிய நிலையில பாதத்தை மேல்நோக்கி மடக்கி அளந்துக்கோ. அப்புறம் முட்டியை நீட்டி அதே அளவு. மடங்கிய நிலையில 15, நீட்டினா 3ன்னா காஸ்ட்ராக் இறுக்கம். இரண்டிலும் 3ன்னா சோலியஸோ மூட்டோ. இரண்டு தடவையும் குதிகாலைப் பிடிச்சு, பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பிப் பூட்டி வச்சுக்கணும். விட்டுட்டா பாதத்தின் நடுப்பகுதி வளைஞ்சு கொடுத்து, கணுக்கால் மடங்கின மாதிரி பொய் அளவு காட்டும். தட்டைப்பாதக்காரங்ககிட்ட இது ரொம்ப ஏமாத்தும்.

இரண்டு நிலையிலும் குறைஞ்சா, சோலியஸா மூட்டான்னு அடுத்து பிரிக்கணும். சுவத்தைப் பார்த்து நின்னு, முட்டியால சுவத்தைத் தொடச் சொல்லு. குதிகால் எழும்பக் கூடாது. பெருவிரல் நுனிக்கும் சுவத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர்னு டேப்பால அள. 1 சென்டிமீட்டருக்கு சுமார் 3.6 டிகிரின்னு வச்சுக்கலாம். முட்டும்போது பின்னால, குதிகால் நாணுக்கு மேல இழுத்தா சோலியஸ். முன்னால, கணுக்கால் மடிப்புல நெருக்குற மாதிரி வலிச்சா டேலஸ் (கணுக்கால் மூட்டு எலும்பு) பின்னோக்கி வழுக்கலை. அங்கே ஸ்ட்ரெச் போட்டுப் பிரயோஜனமில்லை, டேலஸைக் கையால பின்பக்கம் தள்ளும் மொபிலைசேஷன் வேணும். சோலியஸ்தான்னா ஸ்ட்ரெச்சை முட்டி மடங்கின நிலையில கொடு: ஒரு தடவைக்கு 30 வினாடி, மூணு நாலு தடவை, குதிகால் தரையில ஒட்டி, முட்டி இரண்டாம் விரலுக்கு நேரா.

இனி காலை நீட்டி உட்காருறது. அப்படி உட்காரும்போது முட்டி 0, இடுப்பு 90 மடங்கணும். ஹாம்ஸ்ட்ரிங் இரண்டு முனையிலும் நீளுது. நேர்க்கால் தூக்கி அளந்து பாரு, அநேகம் பேருக்கு 70, 80-லேயே நின்னுடும். பாக்கி 10, 20 டிகிரியை யார் கொடுப்பா? ஹாம்ஸ்ட்ரிங் புட்ட எலும்பைப் பிடிச்சு இழுத்து இடுப்பெலும்பைப் பின்னால சாய்க்குது, கீழ் முதுகு வில்லா வளைஞ்சு அந்தப் பாக்கியை அடைக்குது. அதே வளைவுல தலையைக் குனிஞ்சு மணிக்கணக்கா இலை சுருட்டினா முதுகு வலிக்கத்தான் செய்யும். "நிமிர்ந்து உட்காருங்கம்மா"ன்னு சொல்றது வீண். தசை விட்டாத்தானே நிமிர்வாங்க!

உடனே செய்யக்கூடியது இரண்டு. புட்டத்துக்கு அடியில ஒரு மணைப்பலகையோ மடிச்ச கெட்டிப் போர்வையோ போட்டு 10 சென்டிமீட்டர் உயர்த்து. கால் கீழ்நோக்கிச் சரியும், இடுப்பு மடங்க வேண்டிய அளவு குறையும். முட்டிக்கடியில சின்னதா ஒரு தலையணைச் சுருள் வை. ஹாம்ஸ்ட்ரிங் கீழ்முனை தளரும். இரண்டும் வச்சதும் கீழ் முதுகு உள்வளைவு திரும்புதான்னு பக்கவாட்டுல நின்னு பாரு. சுளகு கொஞ்சம் உயரும், அதனால தோளைத் தூக்கி வேலை செய்றாங்களான்னும் கவனி. அரைமணிக்கு ஒருதரம் சம்மணத்துக்கு மாறச் சொல்லு. ஹாம்ஸ்ட்ரிங் ஸ்ட்ரெச் அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்.

கல்லிடை பிசியோ

முக்கூடல் தம்பி சொன்ன நேர்க்கால் அளவோடு ஒன்றைச் சேர்க்கணும். கால் 40, 50-லேயே நின்று, வலி முட்டிக்குக் கீழே ஓடி, கணுக்காலை மேலே மடக்கினால் கூடுகிறது என்றால் அது ஹாம்ஸ்ட்ரிங் இறுக்கமில்லை, சயாட்டிக் நரம்பு. ஹாம்ஸ்ட்ரிங் கணுக்காலைத் தாண்டவில்லை. பாதத்தை அசைப்பதால் அதன் நீளம் மாறாது. முதுகுவலி சொல்கிறவருக்கு இதைப் பார்க்காமல் காலை இழுத்து ஸ்ட்ரெச் கொடுக்கவே கூடாது.

குப்புற முழங்கால் மடக்கத்திலும் இதே எச்சரிக்கை. தொடை முன்பக்கம் இழுப்பதெல்லாம் ரெக்டஸ் இல்லை. கீழ் முதுகில் எல்2 முதல் எல்4 வரை உள்ள நரம்பு வேர்களிலிருந்து வரும் ஃபெமொரல் நரம்பும் அதே நிலையில்தான் இழுபடுகிறது. பிரிக்க வேண்டுமானால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அளக்கும் காலை மேலே வைத்து, இடுப்பை நீட்டி முட்டியை மடக்கி, வலி வரும் இடத்தில் நிறுத்து. அங்கேயே கழுத்தை மட்டும் குனியவும் நிமிரவும் சொல். கழுத்து அசைவுக்குத் தொடை வலி கூடிக் குறைந்தால் நரம்பு. மாறாமல் இருந்தால் தசை.

ரெக்டஸ்தான் என்று உறுதியானால், குப்புறப் படுத்தவரின் மறுகாலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, பாதம் தரையில் ஊன்ற வை. மறு இடுப்பு மடங்குவதால் இடுப்பெலும்பு முன்னால் சாயாமல் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டியை மடக்கினால்தான் இழுவை ரெக்டஸில் விழும். பூட்டாமல் குதிகாலைப் புட்டத்தில் தொடவைப்பது கீழ் முதுகை ஒடிக்கும் வேலை.

கடையம் இறுதியாண்டு

ஒரு குறுக்குக் கேள்வி. ஹாம்ஸ்ட்ரிங் முட்டியை மடக்கும், குவாட்ரிசெப்ஸ் நீட்டும். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டும் சேர்ந்தே வேலை செய்யுதே. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாதா?

தாமிரபரணிக் கரை

இதை 1903-ல் லம்பார்ட் எழுதிவைத்தார். லம்பார்ட் பாரடாக்ஸ் என்றே பேர். விடை நெம்புகோல் நீளத்தில் இருக்கிறது. இடுப்பில் ஹாம்ஸ்ட்ரிங்குக்கு நெம்புகோல் பெரிது, ரெக்டஸுக்குச் சிறிது. அதனால் இடுப்பு நீளும். முட்டியில் குவாட்ரிசெப்ஸுக்குப் பெரிது, ஹாம்ஸ்ட்ரிங்குக்குச் சிறிது. அதனால் முட்டியும் நீளும். இரண்டு மூட்டும் நீள்வதால் ஹாம்ஸ்ட்ரிங் மேலே குறுகுகிறது, கீழே நீள்கிறது. மொத்த நீளம் அவ்வளவாக மாறுவதில்லை. விசை வளைவின் நடுப்பகுதியிலேயே நிற்கிறது. குப்புறப் படுத்துச் சுருட்டிப் பிடித்த அதே தசை எழுந்து நிற்கும்போது பிடிக்காமல் வேலை செய்வது இதனால்தான்.

மசில் டெஸ்டிங்கிலும் இதை நம் வசதிக்குப் பயன்படுத்துகிறோம். புட்டத்தின் பெரிய தசையான க்ளூட்டியஸ் மேக்ஸிமஸைச் சோதிக்கும்போது முட்டியை 90 மடக்கச் சொல்வது ஹாம்ஸ்ட்ரிங்கைக் குறுக்கி ஒதுக்கிவைக்கத்தான். ஹாம்ஸ்ட்ரிங்கையே சோதிக்கும்போது முட்டியை 45 முதல் 70-க்குள் வைத்துத் தடை கொடு. 90-ஐத் தாண்டிக் கொடுத்தால் நல்ல தசைக்கும் குறைந்த கிரேடு விழும், நோயாளிக்குப் பிடித்துக்கொள்ளும்.

முக்கூடல் பிசியோ

கையையும் விட்டுடாதீங்க. விரலை மடக்கும் நீளத்தசைகள் மணிக்கட்டையும் தாண்டிப் போகுது. மணிக்கட்டை முழுசா உள்ளே மடக்கிக்கிட்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்க, இறுகாது: மடக்கும் தசை குறுகிப்போச்சு, பின்பக்க நீட்டும் தசை இழுபட்டு நின்னுடுச்சு. மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி நிமிர்ந்திருந்தா பிடி நல்லா வரும். டைனமோமீட்டர்ல பிடிவலு எடுக்கும்போது தோள் உடம்போட ஒட்டி, முழங்கை 90, மணிக்கட்டு 0-விலிருந்து 30 நிமிர்ந்து, கைப்பிடி இரண்டாம் நிலையில இருக்கணும். மணிக்கட்டு உள்ளே வளைஞ்சா அந்த அளவை எழுதாதீங்க, திரும்ப எடுங்க.

இதுல ஒரு பெரிய விபரீதம் நடக்கும், அதான் இவ்வளவு சொல்றேன். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து கழுத்துத் தண்டுவடம் சி6 (ஆறாவது கழுத்து நரம்பு) அளவுல அடிபட்டு வர்றவங்களுக்கு மணிக்கட்டை நிமிர்த்த மட்டும் வலு மிஞ்சும், விரலுக்கு வலு இருக்காது. மணிக்கட்டை நிமிர்த்தினா விரல் மடக்கும் நாண் இழுபட்டு விரல்கள் தானா மூடும். டம்ளர், கரண்டி பிடிக்க அவங்களுக்கு இருக்கிற ஒரே பிடி அது, டெனோடெசிஸ். விரல்ல கொஞ்சம் இறுக்கம் இருந்தாத்தான் அந்தப் பிடி நிக்கும். புதுசா வார்டுக்கு வர்ற பிள்ளைங்க ஆர்வத்துல மணிக்கட்டையும் விரலையும் ஒருசேர விரிச்சு இழுத்துவிடும். நாண் நீண்டுட்டா பிடி போச்சு. விரலை நீட்டும்போது மணிக்கட்டை உள்ளே மடக்கி வை. மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரலை மடக்கி வை. வீட்டுல பார்த்துக்கிறவங்களுக்கும் இதைச் செஞ்சு காட்டி, அவங்க கையால செய்யச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் அனுப்பணும்.